புயல் ஒரு ராத்திரி, கரண்டு இல்லாத நாள் 22: வீட்ட எப்படி தயார் பண்ணி வைக்கிறது

பேராவூரணி பக்கம் ஒரு கிராமம் எங்களுது. 2018 நவம்பர் 15 வியாழக்கிழமை ராத்திரி கஜா புயல் வந்தப்ப வீட்டுல மாமனார், மாமியார், நாங்க ரெண்டு பேரு, ரெண்டு புள்ளைங்க, கொல்லையில ரெண்டு கறவை மாடு, ஒரு கன்னுக்குட்டி, வீட்டச் சுத்தி 14 தென்னை. கடலூருக்கும் பாம்பனுக்கும் நடுவுலன்னு ஆரம்பிச்சு கடைசியில நாகப்பட்டினம் வேதாரண்யம்னு டிவில சொல்லிக்கிட்டே இருந்தாங்க, நாங்களும் சும்மா இருக்கல, மெழுகுவத்தி வாங்குனோம், பிரெட்டு வாங்குனோம், எல்லா போனையும் சார்ஜ் போட்டு வச்சோம். அதாவது ஒரு ராத்திரிக்கு ரெடியா இருந்தோம். கரண்டு திரும்பி வந்தது 22ஆவது நாள்.

அதனால நான் சொல்ல வர்றது இதான், புயலுக்கு தயாராகுறதுன்னா ரெண்டு வேல. ஒண்ணு அந்த ராத்திரி உசுரோட இருக்குறது, இன்னொண்ணு அதுக்கப்பறம் தண்ணி இல்லாம லைட் இல்லாம சிக்னல் இல்லாம ரோடு இல்லாம குடும்பம் நடத்துறது. முதல் வேலைய பத்தி எல்லாரும் சொல்றாங்க. ரெண்டாவதுதான் எங்களை உருக்கிடுச்சு, அதனால அதை கொஞ்சம் விரிவாவே எழுதுறேன், ஐப்பசி பொறக்குறதுக்கு முன்னாடி ஒரு தடவ படிச்சு வச்சுக்கங்க.

முதல்ல வர்றது என்ன மாதிரி புயல்னு தெரிஞ்சுக்கணும். எல்லா புயலும் ஒண்ணு கிடையாது. 2011 டிசம்பர்ல கடலூர் பக்கம் வந்த தானேயும், 2016ல சென்னைக்கு வந்த வர்தாவும், எங்களுக்கு வந்த கஜாவும் காத்துப் புயல், மரத்தையும் போஸ்ட் மரத்தையும் கூரையையும் கொண்டு போயிடும். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் கரைய கடந்தது ஆந்திராவுல பாபட்லா பக்கம், ஆனா சென்னையில வீட்டுக்குள்ள தண்ணி. 2024ல ஃபெஞ்சல் புதுச்சேரி பக்கம் வந்து நகராம உக்காந்துக்கிச்சு, மயிலத்துல ஒரே நாள்ல 50 சென்டிமீட்டர் மழை. அப்பறம் மூணாவதா கடல் உள்ள வர்றது. கஜாவுல வேதாரண்யம் பக்கம் புஷ்பவனத்துல கடல் சேறு ஊருக்குள்ளயே வந்து படிஞ்சிருச்சு. காத்துன்னா கீழ்த்தளத்துல கான்கிரீட்டுக்கு அடியில இருக்கணும், தண்ணின்னா மேல ஏறணும். ரெண்டும் நேரெதிர், அதான் செய்தி கேக்குறப்ப "புயல் வருதா"ன்னு மட்டும் கேக்காம "காத்து எவ்வளவு, மழை எவ்வளவு, கடல் எவ்வளவு உயரும்"னு மூணையும் காதுல வாங்குங்க.

காத்து வேகத்துல ஒரு கணக்கு இருக்கு. 62 கிலோமீட்டர் தொட்டாதான் புயல்னு பேரு, 89 வந்தா தீவிரப் புயல், 118 வந்தா அதிதீவிரப் புயல். 60 வேகத்துல அடிக்கிற காத்து 120 ஆச்சுன்னா தள்ளுற பலம் ரெண்டு மடங்கு ஆகுறதில்ல, நாலு மடங்கு ஆகுது. "போன புயல தாங்குன வீடுதானே"ன்னு நெனக்கிறது இங்கதான் ஏமாத்திடும். அதே மாதிரி நேரமும். எங்களுக்கு வியாழன் சாயங்காலத்துலேருந்து எதிர்பார்க்கச் சொன்னாங்க, கரைய கடந்தது நடுராத்திரிக்கு மேல. சாயங்காலம் வரலைன்னதும் எங்க தெருவுல பாதிப்பேரு போச்சு போன்னு படுத்துட்டாங்க. சொன்ன நேரத்துக்கு வரலைன்னா திசை மாறிடுச்சுன்னு அர்த்தம் இல்ல, முழிச்சிருங்க.

வீட்டுல இருக்குறதா கெளம்புறதான்னு முடிவ முன்னாடியே எடுத்துடணும். கூரை வீடு, மண் சுவரு, ஆஸ்பெஸ்டாஸ் இல்லாட்டி தகர ஷீட் போட்ட வீடு, கடல் ஓரம், ஆத்தங்கரை, பெரிய புளியமரத்துக்கு அடியில இருக்குற வீடு, இதுல எது இருந்தாலும் கெளம்பிடுங்க, யோசிக்கவே வேணாம். பள்ளிக்கூடமோ புயல் பாதுகாப்பு மையமோ சொந்தக்காரங்க மாடி வீடோ எதுவா இருந்தாலும் சரி. கஜாவுக்கு முன்னாடி 80 ஆயிரம் பேருக்கு மேல முகாமுக்கு கொண்டு போனதாலதான் அவ்வளவு சேதத்துலயும் அத்தனை உசுரு தப்பிச்சது. பெரியவங்க "நான் பொறந்த வீடு, வரமாட்டேன்"னு உக்காந்துக்குவாங்க, அவங்ககிட்ட சண்ட போடாம மொத நாளே மத்தியான சாப்பாட்டுக்குன்னு கூட்டிட்டுப் போய் வச்சுக்கங்க. இருட்டுனதுக்கு அப்பறம் யாரையும் நகத்த முடியாது. வழி தெரியலைன்னா மாவட்ட கட்டுப்பாட்டு அறைக்கு 1077, மாநிலத்துக்கு 1070, இந்த ரெண்டையும் போன்ல மட்டும் இல்லாம செவுத்துல எழுதி வைங்க.

சரி, இப்ப வீட்டு வேலை. இதெல்லாம் செய்தி வந்ததுக்கு அப்பறம் செய்ற வேலை இல்ல, புரட்டாசியிலயே முடிக்கணும், ஏன்னா செய்தி வந்த அன்னைக்கு மரம் ஏறுறவரு கெடைக்க மாட்டாரு, கொத்தனாரு கெடைக்க மாட்டாரு. தென்னையில முத்துன காயையும் காஞ்ச மட்டையையும் எறக்கிடுங்க, தலைக்கனம் குறையும், காயும் குண்டு மாதிரி வந்து விழாது. வீட்டு மேல சாஞ்சிருக்குற முருங்கை, வேம்பு கிளைய கழிச்சு விடுங்க. தகர ஷீட் இருந்தா ஒவ்வொரு ஜே போல்ட்டையும் ஏறிப் பாத்து துருப்பிடிச்சத மாத்துங்க, ஓரத்து வரிசையில போல்ட்ட நெருக்கமா போடுங்க, காத்து ஓரத்துலதான் பிடிச்சுத் தூக்கும். ஷீட்டு மேல கல்லத் தூக்கி வைக்கிற பழக்கம் நெறைய வீட்டுல இருக்கு, தயவுசெஞ்சு வேணாம், ஷீட் எழும்புனா அந்தக் கல்லு யாரு தலையில விழும்னு சொல்ல முடியாது. அதுக்கு பதிலா தடி நைலான் கயிற கூரைக்கு குறுக்கால போட்டு ரெண்டு பக்கமும் மண்ணு மூட்டைய தொங்க விடுங்க, இல்ல முளை அடிச்சு இழுத்துக் கட்டுங்க. கடலோரத்துல கீத்துக் கூரை மேல பழைய மீன் வலைய விரிச்சு நாலு பக்கமும் இழுத்துக் கட்டுவாங்க, அது நல்ல யோசனை.

மொட்டை மாடியில இருக்குற பிளாஸ்டிக் தண்ணி டேங்க் பத்தி தனியா சொல்லணும். ஆயிரம் லிட்டர் டேங்க் நெறைஞ்சிருந்தா ஒரு டன் எடை, எந்தக் காத்தும் அசைக்காது. காலியா இருந்தா ரெண்டு பேரு தூக்கிடலாம், அப்ப காத்துக்கு என்ன? எங்க எதிர்வீட்டு டேங்க் பைப்போட பிச்சுக்கிட்டு போய் மூணு வீடு தாண்டி வாழைக்குள்ள கெடந்துச்சு. அதனால புயல் அன்னைக்கு காலையிலயே டேங்க வழிய வழிய ரொப்புங்க, மூடிய கயிறு போட்டு கட்டுங்க. ரொப்புனதுக்கு அப்பறம் அந்த தண்ணிய புயலுக்கு முன்னாடி செலவு பண்ணாதீங்க, கீழ இருக்குற டிரம்மையும் குடத்தையும் தனியா ரொப்பிக்கங்க.

தண்ணிக்கு வர்றேன். எங்களுக்கு பெரிய அடியே தண்ணிதான். ஊருல கெணறு இருக்கு, போர் இருக்கு, வாய்க்கால்ல கூட தண்ணி ஓடுது, குடிக்க ஒரு சொட்டு இல்ல. ஏன்னா எல்லாரு வீட்டுலயும் சப்மெர்சிபிள் மோட்டார், கரண்டு இல்லைன்னா 200 அடிக்கு கீழ இருக்குற தண்ணிய கையால எடுக்க வழியே கெடையாது. எங்க கெணத்துல மாமனாரு காலத்து ராட்டினம் இருந்துச்சு, மோட்டார் போட்டப்ப கழட்டி பழைய இரும்புக்கு போட்டுட்டோம். பக்கத்துல ஒரு வீட்டுல மட்டும் பழைய அடிபம்பு இருந்துச்சு, அதுவும் வருசக்கணக்கா அடிக்காம வாசர் காஞ்சு சுருங்கிப் போயி, அடிச்சா காத்துதான் வருது. மாமா, அதான் என் மாமனாரு, ஒரு பழைய லாரி ட்யூப வட்டமா வெட்டி வாசர் மாதிரி போட்டு, மேலேருந்து ஒரு சொம்பு தண்ணிய ஊத்தி விடாம அடிச்சாரு, அரமணி நேரம் கழிச்சு சேறும் தண்ணியுமா வந்துச்சு, அப்பறம் தெளிஞ்சுது. அதுக்கப்பறம் மூணு வாரத்துக்கு அந்த ஒரு பம்புலதான் எங்க தெரு 30 குடும்பமும் குடிச்சது. வரிசை காலையில 4 மணிக்கே ஆரம்பிச்சுடும்.

அதனால உங்க வீட்டுலயோ தெருவுலயோ அடிபம்பு இருந்தா புரட்டாசியில ஒரு நாள் அடிச்சுப் பாருங்க, ரெண்டு வாசர் வாங்கி சமையல்கட்டு டப்பாவுல போட்டு வைங்க, பெரிய விலை ஒண்ணும் கெடையாது. கெணறு இருந்தா ராட்டினமும் கயிறும் வாளியும் திரும்ப மாட்டுங்க. எதுவுமே இல்லாத வீடுன்னா சேத்து வைக்கிறதுதான் வழி. ஆளுக்கு ஒரு நாளைக்கு குடிக்க மட்டும் 3 லிட்டர்னு வச்சாக்கூட அஞ்சு பேருக்கு பத்து நாளைக்கு 150 லிட்டர், அதாவது 20 லிட்டர் கேன் எட்டு. சமைக்க, கழுவ, கக்கூசுக்கு எல்லாம் இதுக்கு மேல. கக்கூசுக்கு மழைத்தண்ணி போதும், புயல் அன்னைக்கு கொல்லையில இருக்குற அண்டா, தொட்டி எல்லாத்தையும் செவுத்தோரமா கட்டி வச்சா அதுவே ரொம்பிடும். வெள்ளம் ஏறி எறங்குன கெணத்துத் தண்ணிய தெளிவா இருக்குன்னு குடிச்சுடாதீங்க. கொதிக்க வச்சுத்தான் குடிக்கணும், நல்லா தளதளன்னு கொதி வரணும். கெணத்துக்கு ஆயிரம் லிட்டருக்கு ரெண்டரை கிராம் பிளீச்சிங் பவுடர்னு கணக்கு, ஒரு வாளி தண்ணியில கரைச்சு, மண்டி அடியில தங்குனதும் மேல தெளிஞ்சத மட்டும் கெணத்துல எறக்கி கலக்கி விட்டுட்டு ஒரு மணி நேரம் கழிச்சு எடுக்கணும். ஊராட்சி ஆளுங்ககிட்ட கேட்டா அவங்களே வந்து போடுவாங்க.

சாப்பாட்டுக்கு நான் நீளமா சொல்லப்போறதில்ல, நம்ம வீட்டு பொம்பளைங்களுக்கு தெரியாதது இல்ல. ஒண்ணு மட்டும், மிக்ஸி கிரைண்டர் ஃபிரிட்ஜ் மூணும் இல்லாத சமையல்னு நெனச்சுக்கிட்டு சாமான் வாங்குங்க. அவலு, பொரி, பொட்டுக்கடலை, ரவை, சத்துமாவு, பருப்புப்பொடி, ஊறுகா, வத்தல், கருவாடு, வெல்லம். மாவு ஆட்டி ஃபிரிட்ஜ்ல வைக்காதீங்க, ரெண்டாம் நாளே புளிச்சு வீணாயிடும். கேஸ் சிலிண்டர் ரெண்டாவது ஒண்ணு ஃபுல்லா இருக்கணும், அதோட நாலு நாளைக்கு வெறகு நனையாத எடத்துல, ஏன்னா ரோட்டுல மரம் கெடந்தா சிலிண்டர் வண்டி வராது. புயல் அன்னைக்கு சாயங்காலமே புளிசாதம் கிண்டி வச்சுட்டு சிலிண்டர் வால்வ மூடிடுங்க. ஃபிரீசர்ல பாட்டில்ல தண்ணி ரொப்பி ஐஸாக்கி வச்சா கரண்டு போனப்பறம் ஒரு நாளைக்கு மேல குளிர்ச்சி நிக்கும்.

வெளிச்சத்துக்கு மெழுகுவத்திய நம்பாதீங்க, ராத்திரி முழுக்க எரிஞ்சா நாலு நாள்ல தீந்துடும், புள்ளைங்க இருக்குற வீட்டுல தீப்பிடிக்கிற பயம் வேற. செல்லு போடுற டார்ச் ரெண்டு, தனியா செல்லு ஒரு டஜன், சோலார் லைட் ஒண்ணு, பரண்ல அரிக்கேன் விளக்கு இருந்தா எடுத்து சிம்னிய தொடச்சு திரி மாத்தி வைங்க. செல்லு போடுற சின்ன ரேடியோ ஒண்ணு கண்டிப்பா வாங்குங்க. டவர் எல்லாம் செத்துப் போயி நாலு நாளு எங்களுக்கு வெளி உலகமே தெரியல, பக்கத்து ஊரு இருக்கா இல்லையான்னு கூட தெரியல, ஒரு பெரியவரு வீட்டு ரேடியோவுலதான் எந்த ரோடு தெறந்துருக்கு எங்க முகாம் போட்டுருக்காங்கன்னு எல்லாரும் கூடி நின்னு கேட்டோம்.

போன் விஷயத்துல ஒரு ஏற்பாடு பண்ணுங்க. நம்ம பக்கம் வீட்டுக்கு ஒருத்தர் சிங்கப்பூர்லயோ துபாய்லயோ இருப்பாங்க. என் தம்பி சிங்கப்பூர்ல மூணு நாளா சாப்பிடாம எங்க நம்பர அடிச்சுக்கிட்டே இருந்துருக்கான். இப்ப எங்க குடும்பத்துல ஒரு முடிவு, திருச்சியில இருக்குற அத்தை வீடுதான் நடுவுல, இங்கேருந்து யாருக்கு எங்க ஒரு கோடு சிக்னல் கெடைச்சாலும் அத்தைக்கு "எல்லாரும் நல்லாருக்கோம்"னு ஒரு எஸ்எம்எஸ் போட்டுட வேண்டியது, மத்தவங்க எல்லாரும் அத்தைகிட்ட கேட்டுக்க வேண்டியது. வாட்ஸ்அப் போகாத எடத்துல கூட எஸ்எம்எஸ் போயிடும். மத்த நேரம் ஏரோபிளேன் மோடுல போட்டு வைங்க, சிக்னல் தேடித்தேடியே பேட்டரி தீந்துடும். கையில ரொக்கம், அதுவும் 50, 100 நோட்டா இருக்கணும், ஏடிஎம்மும் ஓடாது ஜிபேயும் ஓடாது, 500 ரூபா நோட்ட நீட்டுனா சில்லறை தர ஆள் கெடையாது. வண்டிக்கு பெட்ரோல் ஃபுல்லா போட்டுடுங்க, பங்க்லயும் மோட்டார் கரண்டுலதான் ஓடுது.

மருந்து மாத்திரை ஒரு மாசத்துக்கு. மாமியாருக்கு சுகர், இன்சுலின் போடுறாங்க, ஃபிரிட்ஜ் நின்னதும் என்ன பண்றதுன்னு எனக்கு கை காலே ஓடல. அப்பறம் புது மண் பானையில பாதிக்கு ஈர மணலப் போட்டு, அதுக்குள்ள ஒரு சில்வர் டம்ளர எறக்கி, பிளாஸ்டிக் கவர்ல சுத்துன மருந்த அதுல வச்சு ஈரத்துணி போட்டு மூடி, நெழல்ல காத்தோட்டமா வச்சோம், காலையிலயும் சாயங்காலமும் மணல் மேல தண்ணி தெளிச்சா போதும். சூடு அதிகம் இல்லாம இருந்தா பிரிச்ச இன்சுலின் சுமாரா நாலு வாரம் தாங்கும், ஆனா உங்க மருந்துக்கு எவ்வளவு நாளுன்னு டாக்டர்கிட்ட இப்பவே கேட்டு வச்சுக்கங்க. டயாலிசிஸ் பண்றவங்க, ஆக்சிஜன் வச்சிருக்குறவங்க, பிரசவ தேதி நெருங்குன பொண்ணுங்க, இவங்கள எல்லாம் புயலுக்கு ரெண்டு நாள் முன்னாடியே டவுன்ல ஆஸ்பத்திரி பக்கத்துல கொண்டுபோய் வச்சுடுங்க. ஆரம்ப சுகாதார நிலையத்துல நிறைமாச லிஸ்ட் இருக்கும், கிராம நர்ஸ்கிட்ட சொன்னா அவங்களே ஆம்புலன்ஸ்ல அனுப்பி வைப்பாங்க. புயல் அடிக்கிறப்ப 108க்கு போன் போனாலும் மரம் விழுந்த ரோட்டுல வண்டி வர முடியாது.

பத்திரம், பட்டா, ரேஷன் கார்டு, ஆதார், பேங்க் பாஸ்புக், புள்ளைங்க மார்க்ஷீட் எல்லாத்தையும் ரெண்டு கனமான பிளாஸ்டிக் கவர்ல ஒண்ணுக்குள்ள ஒண்ணா போட்டு, மூடி இறுக்கமான எவர்சில்வர் தூக்குல வைங்க. பீரோ வேணாம், பீரோவுக்கு மேல கூரை போயிட்டா அதுக்குள்ளயும் தண்ணி எறங்கும். எல்லாத்தையும் போட்டோ எடுத்து வெளியூர்ல இருக்குற ஒருத்தருக்கு அனுப்பிடுங்க. அப்படியே வீட்டையும் தோப்பையும் மாட்டையும் நாலு போட்டோ எடுத்து வைங்க, பின்னாடி நிவாரணத்துக்கு எழுதுறப்ப முன்னாடி எப்படி இருந்துச்சுன்னு காட்ட அது உதவும். சம்பா பயிருக்கு இன்சூரன்ஸ் கட்ட கடைசி தேதி புயல் சீசனுக்கு நடுவுலயே வந்துடும், தள்ளிப் போடாதீங்க. தென்னைக்கும் இன்சூரன்ஸ் இருக்கு, அன்னைக்கு எங்க ஊருல பாதிப்பேருக்கு அது தெரியவே தெரியாது.

மாடு. இத எழுதுறப்ப இப்பவும் எனக்கு மனசு ஆறல. ரெண்டு கறவையையும் மாமா மத்தியானமே அவுத்து விட்டுட்டாரு, அதுங்க வயக்காட்டு மேட்டுல போய் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி முதுகக் காட்டிக்கிட்டு நின்னு பொழச்சிடுச்சுங்க. கன்னுக்குட்டி சின்னது, மழையில நனையும், எங்கயாவது ஓடிடும்னு நான்தான் கொட்டாய்க்குள்ள கட்டி வைங்கன்னு சொன்னேன். கொட்டாய் தூணு சாஞ்சு ஷீட்டு முழுக்க அது மேல விழுந்துடுச்சு, முளையில கட்டுன கயிறு அப்படியே இருந்துச்சு. அதனால சொல்றேன், ஆடோ மாடோ கன்னோ எதையும் கட்டி வைக்காதீங்க. கான்கிரீட் எடம் இருந்தா உள்ள விடுங்க, இல்லைன்னா மூக்கணாங்கயிற தவிர மத்த கயித்த எல்லாம் அவுத்து, மரமும் கம்பமும் இல்லாத மேட்டுல விட்டுடுங்க. தாயவிட்டு கன்ன பிரிக்காதீங்க, அது தாய் பக்கத்துலயே நிக்கும். வைக்கப்போர் மேல தார்பாய் போட்டு கயிறு கட்டுங்க, புயலுக்கு அப்பறம் நனையாத தீவனம் எங்கயும் கெடைக்காது. ஒருவேள மாடு செத்துப்போனா அவசரப்பட்டு பொதைச்சிடாம கால்நடை டாக்டருக்கும் விஏஓவுக்கும் சொல்லி சான்று வாங்குங்க, அது இல்லாம நிவாரணம் கெடைக்காது.

புயல் வர்ற அன்னைக்கு மத்தியானம் வீட்டச் சுத்தி ஒரு நடை நடந்து பாருங்க. பிளாஸ்டிக் நாற்காலி, சைக்கிள், பூந்தொட்டி, ஏணி, கோழிக்கூடு, பேனர் தட்டி, பறக்குற எதுவா இருந்தாலும் உள்ள எடுத்து வைங்க. அரிவாள், கோடாலி, ரம்பம், கடப்பாரை, கயிறு இதெல்லாம் கொல்லைக் கொட்டாயில இருக்கக்கூடாது, வீட்டுக்குள்ள வாசக்கதவுக்கு பக்கத்துல இருக்கணும், காலையில கதவத் தெறந்தா வழிய மறிச்சு மரம் கெடக்கும், அத வெட்டித்தான் நீங்க வெளிய வரணும். ஜன்னல் கதவெல்லாம் கொக்கி போட்டு கயித்தாலயும் கட்டுங்க. காத்து அழுத்தத்துக்கு ஒரு ஜன்னல தெறந்து வைக்கணும்னு சிலர் சொல்றாங்க, அது தப்பு, உள்ள பூந்த காத்துதான் கூரைய அடியிலேருந்து தள்ளித் தூக்குது. நாங்க வாசக்கதவுக்கு பின்னாடி நெல்லு மூட்டை மூணு அடுக்குனோம், நடுராத்திரி அந்தக் கதவு மூட்டையோட சேந்து உள்ள வந்து வந்து போச்சு, மூச்சு விடுற மாதிரி. மூட்டை இல்லைன்னா கதவு இல்ல.

மெயின் ஸ்விட்ச ஆஃப் பண்ணிடுங்க. கான்கிரீட் போட்ட உள் ரூம், ஜன்னல் குறைவா இருக்குற ரூம் எதுவோ அதுல எல்லாரும் ஒண்ணா இருங்க. டார்ச், தண்ணி, மாத்திரை, வயசானவங்களுக்கு ஒரு வாளி, புள்ளைங்களுக்கு போர்வை, எல்லாருக்கும் செருப்பு. ஆமா, வீட்டுக்குள்ள செருப்பு. ராத்திரி ஓடு ஒடைஞ்சு கண்ணாடி ஒடைஞ்சு தரையெல்லாம் கெடக்கும், இருட்டுல வெறுங்கால வச்சு என் பையனுக்கு காலு கிழிஞ்சு, டாக்டர்கிட்ட போக ரோடு இல்லாம மஞ்சள வச்சுக் கட்டிக்கிட்டு ரெண்டு நாள் இருந்தோம். முதலுதவி டப்பாவுல பஞ்சும் மருந்தும் இருந்துருந்தா அவ்வளவு தூரம் போயிருக்காது.

இனி சொல்றத வீட்டுல எல்லாருக்கும் சொல்லி வைங்க. எங்களுக்கு முதல்ல வடக்கேயிருந்து அடிச்சது, பேய்க்காத்து, தென்னை முறியுற சத்தம் ஒவ்வொண்ணா எண்ணிக்கிட்டு இருந்தோம். திடீர்னு நின்னுச்சு. ஒரு எலை அசையல. பக்கத்து வீட்டுக்காரங்க டார்ச் அடிச்சு கூப்புடுறாங்க, "முடிஞ்சுது, வாங்க பாக்கலாம்"னு. மாமாவுக்கு பழைய அனுபவம், 1977ல நாகப்பட்டினம் புயல பாத்தவரு, யாரையும் கதவ தெறக்க விடல, "இது கண்ணு, இனிமேதான் தெக்கேயிருந்து வரும்"னாரு. அவர் சொன்ன மாதிரியே தெக்கேயிருந்து வந்துச்சு, முதல் காத்துல வேரு ஆட்டங்கண்டு நின்ன மரமெல்லாம் இதுல சாஞ்சுது. புயலோட நடுவுல காத்தே இருக்காது, அது நம்மள தாண்டிப் போனதும் எதிர்த்திசையிலேருந்து அதே வேகத்துல அடிக்கும். மெதுவா கொறைஞ்சு ஓஞ்சா புயல் போகுதுன்னு வச்சுக்கலாம், பட்டுன்னு நின்னா போகல. ரேடியோவுல கரைய கடந்து முடிஞ்சுதுன்னு சொல்ற வரைக்கும் உள்ளயே இருங்க.

விடிஞ்சப்ப நான் சமையக்கட்டுக்குப் போனேன். கல்யாணமாகி வந்த நாள்லேருந்து அந்த சமையக்கட்டுல பகல்லயும் லைட் போடணும், தென்னை நெழல் அப்படி. அன்னைக்கு அடுப்பு மேடை முழுக்க பளீர்னு வெளிச்சம். ஜன்னல் வழியா பாத்தா வானம். 14 மரத்துல ரெண்டு நின்னுச்சு. மாமா அங்க பாத்துட்டு ஒண்ணும் பேசாம அரிவாள எடுத்துக்கிட்டு வாசலுக்குப் போயிட்டாரு.

வெளிய வந்ததும் முதல் எதிரி கம்பிதான். கரண்டு இல்லைன்னு தெரிஞ்சாலும் கீழ கெடக்குற எந்த வயரையும் தொடாதீங்க, தாண்டாதீங்க, கம்பி கெடக்குற தண்ணியில காலு வைக்காதீங்க, மின்சார வாரியத்துக்கு 94987 94987ல சொல்லுங்க. ரெண்டாவது பாம்பு, புத்தெல்லாம் ரொம்பி அதுங்க கீத்துக்குள்ளயும் ஓட்டுக்குள்ளயும் வந்து சுருண்டு கெடக்கும், கைய விடாம குச்சியால பொரட்டுங்க. கடிச்சுட்டா கீறுறதோ உறிஞ்சுறதோ இறுக்கிக் கட்டுறதோ கூடாது, கடிபட்ட கைகால அசைக்காம தூக்கியாவது அரசு ஆஸ்பத்திரிக்கு கொண்டு போங்க. மூணாவது சாஞ்ச மரம். இன்னொரு மரத்து மேல தாங்கி நிக்கிற தென்னைய நடுவுல அறுத்தா அடிமரம் விருட்டுனு எம்பி அறுக்குறவர் நெஞ்சுல அடிக்கும், விவரம் தெரிஞ்ச ஆளு வர்ற வரைக்கும் வழியில கெடக்குறத மட்டும் வெட்டுங்க. ஊறுன மண் சுவருக்கு பக்கத்துல யாரும் படுக்கக்கூடாது, வெயில் வந்து காயுறப்பதான் அது சரியும். ஓடு மாத்துறேன்னு ஈரக் கூரையில ஏறாதீங்க, தார்பாய் ஒண்ணு முன்னாடியே வாங்கி வச்சிருந்தா கீழ நின்னே கயிறு வீசி போட்டுக்கலாம். சுத்தம் பண்றதுக்கு முன்னாடி எல்லா சேதத்தையும் போட்டோ எடுத்துடுங்க.

பத்து நாள் கழிச்சு ஜெனரேட்டர் வச்சிருக்குறவங்க வீடு வீடா வந்து மணிக்கணக்குல காசு வாங்கிக்கிட்டு டேங்க ரொப்பிக் குடுத்தாங்க. தெருவுல பத்து வீடு சேந்து ஒரு 3 கேவிஏ ஜெனரேட்டர் வாங்கி வச்சா ஒரு ஹெச்பி மோட்டார ஓட்டிடலாம், எங்க தெருவுல இப்ப அப்படித்தான் வச்சிருக்கோம். அத வீட்டுக்குள்ளயோ மூடுன திண்ணையிலயோ ஓட்டக்கூடாது, அந்தப் புகையில வாசனையே தெரியாம தூக்கத்துல உசுரு போயிடும். அதோட, ஜெனரேட்டர் வயர வீட்டு பிளக்ல சொருகி வீடு முழுக்க லைட் எரிய விடுறத யாரும் செய்யாதீங்க. கஜாவுல லட்சத்துக்கும் மேல கம்பம் விழுந்துச்சு, கேரளாவுலேருந்தும் ஆந்திராவுலேருந்தும் கூட லைன்மேன் வந்து சேத்துல இடுப்பளவு நின்னு கம்பம் நட்டாங்க. நம்ம வீட்டு ஜெனரேட்டர் கரண்டு லைன்ல திரும்பி ஏறுனா கம்பத்துல இருக்குற அந்த மனுசன் செத்துப் போயிடுவாரு. மோட்டாருக்கு நேரா தனி வயர் போடுங்க.

கரண்டு வர்றப்பவும் ஒரு வேலை இருக்கு. வரப்போகுதுன்னு தெரிஞ்சதும் ஃபிரிட்ஜ், டிவி, மிக்ஸி, இன்வெர்ட்டர் எல்லா பிளக்கையும் புடுங்கி வச்சுடுங்க. ஸ்விட்ச் போர்டு, மீட்டர் பொட்டி நனைஞ்சிருந்தா எலக்ட்ரீஷியன் பாத்து காய வச்சதுக்கு அப்பறம்தான் மெயின போடணும். எங்களுக்கு 22ஆவது நாள் சாயங்காலம் வந்தப்ப தெருவே கத்துச்சு, ஒரு வீட்டுல சந்தோசத்துல எல்லா ஸ்விட்சையும் ஒண்ணா போட்டு, வோல்டேஜ் ஏறி இறங்குனதுல ஃபிரிட்ஜும் மோட்டாரும் ஒண்ணா பொகைஞ்சு போச்சு. முதல்ல ஒரு பல்பு போட்டு பத்து நிமிசம் பாருங்க, மங்கி மங்கி எரிஞ்சாலோ அளவுக்கு மேல பளிச்சுன்னு எரிஞ்சாலோ உடனே மெயின ஆஃப் பண்ணிட்டு லைன்மேன கூப்புடுங்க. சரியா எரிஞ்சா மோட்டார போட்டு, டேங்க்ல முதல்ல ஏறுற கலங்கல் தண்ணிய தெறந்து விட்டு, டேங்க கழுவி, ரெண்டாவது தடவ ஏறுற தண்ணிய புழங்க எடுத்துக்கங்க.